குருவித்தொட்டி ஸ்டாப்பிங்

"குருவித்தொட்டிலாம் எறங்கிக்கோ. குருவித்தொட்டி, குருவித்தொட்டி."

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இப்படிக் குரல் கொடுக்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ராஜாக்கள் ஊர்களுக்குப் பெயர் வைத்தார்கள், மந்திரிகள் தெருக்களுக்கு வைத்தார்கள். நான் வைத்தது ஒரு பஸ் ஸ்டாப்புக்கு. அதற்கு முன்னால் அந்த இடத்துக்குக் களத்துமேடு என்று பெயர். குருவித்தொட்டி என்பது நான் சொன்ன ஒரு பொய். பொய்க்குக் கூரை போட்டு, பெஞ்சு போட்டு, மஞ்சள் பெயிண்டில் எழுதியும் வைத்துவிட்டார்கள். என் பெயரில் நிற்கும் ஒரே கட்டுமானம் அதுதான்.

இன்றைக்கும் அப்படித்தான் திரும்பிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். என் மூக்குக்கு அது போதும். சுண்ணாம்பு வாசனை வந்தால் பின்னாலேயே கடுக்காய் வரும், கடுக்காய்க்குப் பின்னால் வெல்லம் வரும், வெல்லத்துக்குப் பின்னால் எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் எங்கள் நைனா வருவார்.

சிவில் டிப்ளமா படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். படித்த வருஷங்களைவிட அரியர் எழுதிய வருஷங்கள் அதிகம். ஒருவழியாக டிப்ளமா கைக்கு வந்தபோது, களத்துமேட்டில் பாழடைந்து கிடந்த பழைய பண்ணையைப் பழையபடியே புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். ஒரு மாட்டுக்கொட்டகை, ஒரு நெல் களஞ்சியம், ஒரு கிணறு, கிணற்றை ஒட்டிச் சுற்றுச்சுவரோடு ஒரு நீள அறை, அவ்வளவுதான் பண்ணை. களஞ்சியத்தில் வௌவால், கொட்டகையில் வேப்பங்கன்று. பண்ணைக்காரக் குடும்பத்தில் எல்லோரும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தைக் கொடுத்தார்கள், ஒரு டிரஸ்ட் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து மரம், பறவை, பழைய கட்டடம் எல்லாவற்றையும் பற்றித் தெரிந்துகொள்ள 'இயற்கை மரபுக் கல்வி மையம்' வரப்போகிறது என்றார்கள். எனக்கு சைட் சூப்பர்வைசர் வேலை. ஏழெட்டு ஆள், ஒரு மேஸ்திரி, கழுத்தில் தொங்க ஓர் அடையாள அட்டை. அந்த அட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினேன். அதுவும் ஆணியில் மாட்டிப் பார்த்துக்கொண்டே குளிப்பேன்.

அங்கே சிமெண்ட் ஆகாது. கடுக்காயும் வெல்லமும் ட்ரம்மில் நாள்கணக்காக ஊற வேண்டும், அந்தத் தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பை அரைக்க வேண்டும். மூடியைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை வரும். அதைக் கள்ளு வாடை என்றால் கள்ளுக்கு அவமானம். ஊரில் உள்ள எறும்பு முழுக்க எங்கள் சைட்டில்தான் இருந்தது. ட்ரம் கலக்குகிற வேலைக்கு ஆள் கேட்டபோது எங்கள் நைனாவே வந்து வரிசையில் நின்றார்.

"நீ எதுக்கு நைனா?" என்றேன், அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு.

"ஏன், சூப்பர்வைசரு அப்பன்னா கலக்கக்கூடாதா? நான் இந்தப் பண்ணையில முப்பது வருசம் வேல பாத்தவன்டா. எனுக்கு எக்ஸ்பீரியன்ஸ் கீது, உனுக்கு இன்னா கீது?"

மேஸ்திரி சிரித்தார். நைனா சேர்ந்துவிட்டார். நான் கை காட்ட, என் அப்பன் ட்ரம் கலக்கினார். மதியம் மரத்தடியில் தூக்கைத் திறக்கும்போது, "சூப்பர்வைசர் சார், ஊறுகா வேணுங்களா?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்பார். எனக்குக் கிண்டல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேராகச் சொல்லவேண்டியதைச் சுற்றி வளைப்பதுதான் என் வியாதி. இந்தக் கதை முழுக்க அந்த வியாதியின் கதைதான்.

கிணற்றை ஒட்டி, தரையை உயர்த்திக் கட்டிய நீள அறைக்குள், சுவரோடு சேர்த்து ஒரு கல் தொட்டி. தொட்டியின் அடியிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு கல் தூம்பு, வெளிப்பக்கம் நம் நெஞ்சு உயரத்தில் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு பலகைக்கல். தண்ணீர் விழுந்து விழுந்து அதில் உள்ளங்கை அளவுக்குக் குழி. எங்கள் காலனி ஆட்கள் பண்ணையில் நாற்று நடலாம், அறுக்கலாம், மாடு குளிப்பாட்டலாம். கிணற்றுக் கிட்டே போகக்கூடாது, அறைக்குள் கால் வைக்கக்கூடாது. தாகம் எடுத்தால் சுவருக்கு வெளியே வந்து நின்று, "தண்ணிங்கோ" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே யாராவது ஒரு குடத்தைத் தொட்டியில் கவிழ்ப்பார்கள். தூம்பில் வரும். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குடித்துக்கொள்ள வேண்டியது. வாய் தூம்பில் படக்கூடாது. அவ்வளவுதான் அந்தக் கல்லின் வரலாறு.

நானும் ஒருமுறை குடித்திருக்கிறேன். எனக்கு ஆறு வயசோ ஏழு வயசோ. அறுப்புக்காலம், நைனாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அதற்குள் காலனிக்குக் கைப்பம்பு வந்துவிட்டது என்றாலும், பண்ணையில் வழக்கம் மாறவில்லை. தூம்பு எனக்கு எட்டாது. நைனா என்னை இடுப்பில் தூக்கிப் பிடித்தார். உள்ளே ஊற்றுகிறவர் முகம் தெரியாது. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் மடாரென்று வந்து மூக்கில் ஏறி, குடித்தது கால்வாசி, முழங்கையில் வழிந்தது முக்கால்வாசி. நான் இருமி முடிப்பதற்குள், சிந்திய தண்ணீரைத் தேடி நாலைந்து குருவிகள் அந்தக் குழிக்கல்லில் வந்து இறங்கிவிட்டன. அதைப் பார்த்து நான் சிரித்தேனாம். நைனா சொல்வார்.

என் பொய்க்கு விதை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டடத்துக்குப் பொறுப்பு ஓர் ஆர்க்கிடெக்ட் மேடம். சென்னையிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். நல்ல மனுஷி. ஆட்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார், எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார். பழைய கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட நினைத்தபடி மாற்றக்கூடாது, மாற்றினாலும் பின்னால் வருகிறவன் எடுத்துவிடக் கூடிய மாதிரி மாற்ற வேண்டும் என்பது அவருடைய வேதம். ஒருநாள் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேரோடு வந்து, ஒவ்வொரு சுவராக டேப் பிடித்து அளந்துகொண்டு போனவர், அந்தத் தூம்புக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன? உங்களுக்குத் தெரியுமா?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன். அட்டை பளபளவென்று தொங்கியது. அந்த நொடிவரை நான் அவர்களுக்கு சூப்பர்வைசர். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அடுத்த நொடி நான் அந்தச் சுவருக்கு வெளியே நிற்கிறவன் ஆகிவிடுவேன். பத்து முகமும் ஐயோ பாவம் என்று மாறுவதை நான் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே கோமாளி ஆனேன். நாமே முதலில் சிரிக்க வைத்துவிட்டால், பாவப்பட அவர்களுக்கு நேரம் இருக்காது.

"குருவிக்கு மேடம்," என்றேன். "பண்ணைக்காரங்க ரொம்ப எரக்கப்பட்டவங்க. குருவி வந்து 'தண்ணிங்கோ'ன்னு கூப்புடும், உள்ள இருந்து ஊத்துவாங்க."

இது ஜோக். மேடம் சிரிப்பார், சும்மா விளையாடாதீங்க என்பார், அப்புறம் தனியாக இருக்கும்போது உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. மேடம் சிரிக்கவில்லை. கண்களை அகல விரித்து அந்தக் குழிக்கல்லைப் பார்த்தார். குனிந்து குழியைத் தடவிப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். பத்துப் பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள்.

மறுவாரம் வரைபடம் வந்தது. அதில் அம்புக்குறி போட்டு 'குருவித்தொட்டி' என்று இருந்தது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இடம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் வேறு வந்திருந்தார். தொட்டியின் கதையைக் கேட்டு, "எங்க தாத்தா அப்படிப்பட்டவர்தான்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் போய் நான் என்ன சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று போய்விட்டேன். நாளை என்பது சூப்பர்வைசர்களுக்கு ரொம்பப் பிடித்த நாள்.

நைனாவுக்கு மேஸ்திரி மூலம் தெரிந்தது. சாயந்திரம் என் டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

"ஏன்டா," என்றார் ஏரிக்கரையில். "என்ன குருவி ஆக்கிட்டியே."

நான் வண்டியை நேராக ஓட்டுவதில் கவனமாக இருந்தேன்.

"குருவின்னா சின்னதாப் பூடுச்சிடா. கொக்குன்னாவது சொல்லியிருக்கலாம். ஒசரமா இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் இப்படித்தான் முடியும். முடியாத பேச்சைக்கூடச் சிரித்து முடித்துவிடுவோம்.

அதற்குப் பிறகு ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீள அறைக்கு உள்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம், ஆட்கள் மரத்தடியில் இருந்தார்கள். நைனா அறைக்குள் தனியாகத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அதன் உள்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் வெளியே நின்றவருக்கு அந்த அறையின் உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது.

"உள்ள இவ்ளோதானாடா," என்றார். "நான் இன்னாவோ பெருசா இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பிறகு எழுந்து, கடுக்காய்க்கு வைத்திருந்த குடத்தில் நல்ல தண்ணீராகப் பிடித்து வரச் சொன்னார். "நீ வெளிய போய் நில்லு."

போனேன். தூம்புக்கு முன்னால் குனிந்து கையைச் சேர்த்துப் பிடித்தேன். யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். உள்ளேயிருந்து நைனா குரல் மட்டும் வந்தது.

"கொரலு குடுடா. கொரலு குடுக்காம தண்ணி வராது."

"தண்ணிங்கோ."

வந்தது. மெல்லிசாக, ஒரே சீராக, ஒரு நூல் மாதிரி.

"வர்தா?"

"வருது நைனா."

"அந்தம்மா மடார்னு ஊத்தும். மூக்குல ஏறும். நான் பாத்து ஊத்தறேன், நீ நிதானமா குடி."

ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தேன். அன்றைக்குக் குருவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முன்னால் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யப்போகிறோம் என்று மேடம் ஒரு ரெக்கார்டிங் ஆளைக் கூட்டிவந்தார். பண்ணையில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருந்த, கோர்வையாகப் பேசக்கூடிய ஆள் நைனாதான். வெள்ளை வேட்டி கட்டி உட்கார வைத்தார்கள். நடவு, அறுப்பு, போரடிப்பு எல்லாம் சொன்னார். மாட்டு வைத்தியம் சொன்னார். கடைசியில் மேடம் கேட்டார், "ஐயா, அந்தக் குருவித்தொட்டியைப் பத்திச் சொல்லுங்களேன்."

நான் கதவோரம் நின்றிருந்தேன். நைனா என்னைப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தார் என்பதுதான் சரி. உண்மையைச் சொன்னால் பத்துப் பிள்ளைகள் நோட்டிலிருந்து திறப்பு விழா அழைப்பிதழ் வரைக்கும் என் பொய் நாறிவிடும். சொல்லாவிட்டால் அவருடைய முப்பது வருஷம் காற்றோடு போய்விடும். அவருக்கு யோசிக்க ரொம்ப நேரம் தேவைப்படவில்லை.

"குருவிங்க வரும்மா," என்றார். "நெறைய வரும். கீழ சிந்தறத அந்தக் குழியில நின்னுக்கினு குடிக்கும். பாக்கவே நல்லா இருக்கும். தாகம் யாருக்குனாலும் தாகந்தானம்மா."

சொல்லிவிட்டு லேசாகச் செருமினார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நைனா ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. சிந்தியது யார் கையிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

மையம் திறந்தது. அதற்கு எதிரில் இருந்த பஸ் ஸ்டாப்புக்கும் குருவித்தொட்டி என்றே பெயர் எழுதினார்கள். தூம்புக்குப் பக்கத்தில் பலகை வைத்தார்கள். அதன் கீழே ஒரு பொத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுத்தினால் நைனா பேசுவார். பிள்ளைகள் வரிசையாக வந்து உள்ளே போய் ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றுவார்கள், வெளியே ஓடிவந்து குருவி வருகிறதா என்று பார்ப்பார்கள். என் வேலை அதோடு முடிந்தது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகப் போனேன். அங்கேயும் அட்டை கொடுத்தார்கள். இதை ஏனோ வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவேன்.

நாலு வருஷம் கழித்து நைனா போய்விட்டார். அதன் பிறகுதான் நான் அந்த மையத்துக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டு வாங்கிக்கொண்டு, எல்லோரையும் போல வரிசையில் நின்று, ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்துவேன். "குருவிங்க வரும்மா." கடைசியில் அந்தச் செருமல். அந்தச் செருமலுக்காகத்தான் போவேன். வாசலில் நிற்கிற காவலாளி, "இன்னா சார், குருவி மேல இவ்ளோ ஆச" என்பார். என் சட்டைப்பையில் கைபேசி இருக்கும். கண்டவன் அனுப்பிய கண்ட வீடியோவை எல்லாம் சேர்த்துவைத்திருக்கும் கைபேசி. ஒருநாளாவது அந்த ஹெட்போனுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லில் கட்டின இடம், எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன். டிப்ளமா படித்தவன் புத்தி.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு முன்னால் ஒரு டீச்சர் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பார்த்தீங்களா, அந்தக் காலத்து மனுஷங்க எவ்வளவு நல்லவங்க. ஒரு சின்னக் குருவி தாகத்தோட இருந்தாக்கூட அவங்களுக்குப் பொறுக்காது." நாற்பது பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். அதில் எங்கள் காலனிப் பிள்ளைகள் ஏழெட்டு இருக்கும், எனக்கு முகம் தெரியும். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

எழுதுகிற பென்சில்களைப் பார்த்தபோது ஏதோ அறுந்துவிட்டது. நேரே ஆபீஸ் அறைக்குப் போய்ச் சொன்னேன். பொறுப்பாளர் என்னை உட்காரச் சொல்லி, எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரு பக்கம் எழுதினேன். பரீட்சையில்கூட அவ்வளவு நிறுத்தி எழுதியதில்லை. அந்தத் தொட்டியை எடுக்க வேண்டாம், பலகையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், எங்கள் அப்பா குரல் அப்படியே இருக்கட்டும், அவர் பொய் சொல்லவில்லை, சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் போனபோது 'பராமரிப்புப் பணி' என்று கயிறு கட்டியிருந்தது. அதற்கடுத்த மாதம் கயிறு இல்லை. சுவர் இருந்தது. வழவழவென்று, வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல். தூம்பு இல்லை, பலகைக்கல் இல்லை, பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியில் செம்பருத்தி வைத்திருந்தார்கள். நல்ல பூச்சு. யார் கலக்கினார்களோ, கடுக்காய்ப் பதம் சரியாக இருந்தது.

மேடமே போன் செய்தார். "ஏன் அன்னிக்கே என்கிட்டே சொல்லலை?" என்று கேட்டுவிட்டு அழுதார். அவருக்குப் பலகையை மாற்றி எழுதவேண்டும் என்றுதான் ஆசை. இடம் கொடுத்த குடும்பம் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் தாத்தா பெயரைக் கெடுக்கவா இடத்தைக் கொடுத்தோம் என்றார்களாம். பொய்யை வைத்துக்கொள்ள மேடம் ஒப்பவில்லை, உண்மையை வைக்க அவர்கள் விடவில்லை. இரண்டும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

"சுண்ணாம்பாலதான் மூடியிருக்கோம், சிமெண்ட் இல்லை," என்றார் மேடம். "தூம்பும் உள்ளதான் இருக்கு. பின்னாடி எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது. சரி மேடம் என்றேன். நைனா பேசிய பதிவையாவது கொடுங்கள் என்று கேட்டேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் மாற்றினார்களாம், ரெக்கார்டிங் ஆள் வெளிநாடு போய்விட்டாராம், தேடிப் பார்க்கிறேன் என்றார். தேடியிருப்பார், கிடைக்கவில்லை. அவர் தேடாமல் இருக்கிறவர் இல்லை. சுண்ணாம்பை எடுத்துவிடலாம்.

இப்போது அங்கே ஒரே ஒரு பொத்தான்தான் மிச்சம், வாசலில், காலிங் பெல். பிள்ளைகள் வருகிறார்கள், மரங்களுக்கு மாட்டிய பெயரைப் படிக்கிறார்கள், களஞ்சியத்தின் குளிர்ச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். சிந்துவதற்குத் தண்ணீர் இல்லாததால் குருவிகளும் அந்தப் பக்கம் வருவதில்லை. பஸ் ஸ்டாப்பின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதற்குப் பூச்சு போட முடியாது போலிருக்கிறது.

பஸ் நின்றது. ஒருத்தரும் இறங்கவில்லை. கண்டக்டர் படியில் ஒரு காலை வைத்து, வெள்ளைச் சுவரை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க இந்தப் பக்கத்து ஆளுதான? ரெண்டு வருசமா இந்த ரூட்ல ஓடிக்கினு கீறேன். குருவித்தொட்டி, குருவித்தொட்டின்னு கத்திக்கினே கீறேன். ஒரு குருவியக் கண்ல பாத்ததில்ல. உண்மையிலயே இங்க குருவி இருந்திச்சா?"

"ஒண்ணு இருந்திச்சுப்பா," என்றேன். "நல்லாப் பேசும்."

"பேசுமா? அப்பறம் இன்னா ஆச்சு?"

"தண்ணி குடிக்கிற எடத்த மூடிட்டாங்க."

அவர் சிரித்தார். எழுதிக்கொள்ளவில்லை. விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது.